வெயில் லிஸ்ட்

த்தூ. இருங்க அண்ணாச்சி, இதைக் கொட்டிட்டு வாரேன். இதைப் போய் டீன்னு விக்கிறான் பாருங்க. நேத்து கொதிச்ச தூளையே இன்னைக்கும் கொதிக்க வச்சிருக்கான். கோர்ட்டுக்கு வர்றவனுக்கு நாக்கு எதுக்குன்னு நெனச்சுட்டான் போல.

இங்க உக்காந்துக்கிறேன். நகர வேண்டாம், இடம் போதும். நீங்க என்ன கேஸு? பாதைத் தகராறா? பதினோரு வருஷமாவா! வெளங்கும். நான் கேஸ் இல்ல அண்ணாச்சி, சாட்சி. கண்ணால பாத்த சாட்சி இல்ல, நிபுணர் சாட்சி. பேரு வெயிலுமுத்து. சொந்த ஊரு விருதுநகர், வேலை மதுரையில. கம்ப்யூட்டரைப் பிரிச்சு உள்ள என்ன நடந்திருக்குன்னு சொல்ற லேப். பிரைவேட்தான். காலேஜு, கம்பெனி, ஆஸ்பத்திரி, யாருக்கு யார் மேல சந்தேகம் வந்தாலும் பெட்டியைத் தூக்கிட்டு எங்ககிட்ட வருவாங்க. பதினாறு வருஷமா மத்தவன் அழுக்கைத்தான் நோண்டிக்கிட்டு இருக்கேன்.

அழுக்குன்னா சும்மா சொல்லல. ஒவ்வொருத்தன் கீபோர்டைத் தட்டினா என்னென்ன விழும் தெரியுமா? முறுக்குத் தூளு, தலைமுடி, வெட்டிப் போட்ட நகம். ஒரு தடவை ஒரு பெட்டிக்குள்ள பல்லி காஞ்சு கெடந்துச்சு. அந்தக் கையாலேயே மத்தியானம் சோறு திங்கணும். உள்ள இருக்கிற ஃபைலு அதைவிடக் கேவலம், அதை இங்க வச்சுச் சொல்ல முடியாது.

அந்தா, அந்தத் தூணுகிட்ட பச்சைச் சேலையில ஒரு அம்மா உக்காந்திருக்காங்கல்ல? திரும்பாதீங்க, திரும்பாதீங்க. மெதுவாப் பாருங்க. அவங்க பேரு தங்கபுஷ்பம். இங்க ஒரு காலேஜ்ல பரீட்சைப் பிரிவுல இருபத்தெட்டு வருஷம் வேலை பாத்தவங்க. போன வருஷம் ஏப்ரல்ல கணக்குப் பரீட்சைக்கு மொத நாள் சாயங்காலமே கேள்வித்தாள் ஊரெல்லாம் போன்ல சுத்திருச்சு. எங்கேர்ந்து போச்சுன்னு பாத்தா, இந்தம்மா கம்ப்யூட்டர்லேர்ந்து. மத்தியானம் மூணு பதினேழு. அந்த நேரத்துல அந்த ரூம்ல இருந்தது இவங்க மட்டும். ‘நான் அனுப்பல, எனக்கு அப்படியெல்லாம் அனுப்பவே தெரியாது’ன்னாங்க. எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க. விசாரணை வச்சாங்க, வேலையை விட்டுத் தூக்கினாங்க. ரிட்டயர் ஆக பதினாலு மாசம்தான் இருந்துச்சு. இப்ப தெருவுல ‘பேப்பர் வித்த பொம்பளை’ன்னு பேராம். வேலையைத் திருப்பிக் குடுங்கன்னு இவங்க போட்ட கேஸுதான் இது. நான் காலேஜ் தரப்புச் சாட்சி. என் ரிப்போர்ட்டை வச்சுத்தான் தூக்கினாங்க.

எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா கேக்குறீங்க? கேளுங்க, கோர்ட்டு டவாலி பேரைக் கூப்பிடுற வரைக்கும் எனக்கென்ன வேலை.

ஒரு கம்ப்யூட்டர்ல எத்தனை ஃபைல் இருக்கும்னு நெனைக்கிறீங்க? சும்மா ஒரு நம்பர் சொல்லுங்க. ஆயிரமா! அண்ணாச்சி, மூணு லட்சம். ஒண்ணொண்ணாத் தெறந்து பாத்தா என் பேரன் வந்துதான் ரிப்போர்ட் குடுக்கணும். ஆனா அதுல முக்காவாசி சாஃப்ட்வேரோட கூடவே வந்த ஃபைலு. விண்டோஸோட வந்தது, பிரிண்டரோட வந்தது. உங்க மெஷின்லயும் அதேதான், என் மெஷின்லயும் அதேதான். அதைப் பாத்து என்ன செய்ய? அதனால ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு கைரேகை எடுப்போம். ஹாஷுன்னு பேரு. ஃபைலைக் கணக்குல போட்டு அரைச்சா அறுபத்திநாலு எழுத்துல ஒரு வரி வரும். ஃபைலுக்குள்ள ஒரே ஒரு புள்ளியை மாத்தினாலும் அந்த வரி மொத்தமும் வேறயா வந்துரும். ஃபைல் பேரை மாத்தலாம், தேதியை மாத்தலாம், அந்தக் கைரேகையை ஏமாத்த முடியாது.

தெரிஞ்ச சாஃப்ட்வேர் ஃபைலுக்கெல்லாம் கைரேகை எடுத்து லிஸ்ட் போட்டு வச்சிருக்கான் வெளிநாட்டுக்காரன். கோடிக்கணக்குல இருக்கு. நம்மகிட்ட வந்த மெஷினை அதோட ஒத்துப் பாத்து, லிஸ்ட்ல இருக்கிறதையெல்லாம் ஒதுக்கிருவோம். மிச்சம் நிக்கிற தெரியாத ஃபைல் நாலாயிரமோ அஞ்சாயிரமோ, அதை மட்டும் தெறந்து பாத்தாப் போதும். புரியுதுல்ல? தெரிஞ்சவனை விட்டுட்டுத் தெரியாதவனைப் பிடிக்கிறது. அவ்வளவுதான் தொழிலு.

ஆனா வெளிநாட்டுக்காரன் லிஸ்ட்ல நம்ம ஊரு சமாச்சாரம் இருக்குமா? தமிழ் டைப் அடிக்கிற சாஃப்ட்வேரு, ரேஷன் கார்டுக்குப் படம் வெட்டுற சாஃப்ட்வேரு, இதெல்லாம் அவனுக்கு என்ன தெரியும்? ஒவ்வொரு தடவையும் அந்த ஃபைலெல்லாம் தெரியாத ஃபைல்னு வந்து நின்னு உசுரை வாங்கும். அதுக்குத்தான் நான் ஒரு லிஸ்ட் போட்டேன். நானா. எவனும் சொல்லல. புது மெஷின் ஒண்ணு எடுத்து, புது விண்டோஸ் போட்டு, நம்ம பக்கத்து ஆபீஸ்கள்ல என்னென்ன சாஃப்ட்வேர் ஓடுதோ அத்தனையும் ஏத்தி, ஒவ்வொரு ஃபைலுக்கும் கைரேகை எடுத்து, தெரிஞ்ச ஃபைல்னு சேத்தேன். எட்டு மாசம் ஆச்சு. எங்க லேப்ல அதுக்கு ‘வெயில் லிஸ்ட்’னே பேரு. ரெண்டு நாள் வேலை அரை நாள்ல முடிஞ்சுது. முதலாளி எனக்குச் சால்வை போட்டாரு.

நம்ம ஆளுக லட்சணம் உங்களுக்குத் தெரியணும். இந்த ஜில்லாவுல எவனாவது தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேரை அதைச் செஞ்சவன்கிட்ட கேட்டு வாங்கிப் போட்டிருக்கானா? ஒருத்தன் கிடையாது. சர்வீஸ்காரன் சட்டைப்பையில ஒரு பென்டிரைவ் வச்சிருப்பான், அதுல இருக்கும். அவனுக்கு எவன் குடுத்தான்? இன்னொரு சர்வீஸ்காரன். கண்ட மெஷின்லயும் சொருகிச் சொருகி எடுத்தது. ஒருத்தன் பல்லு தேச்ச பிரஷ்ஷை ஊரே வாங்கித் தேச்ச மாதிரி. கருமம்.

நான் எங்க எடுத்தேனா? அதே பென்டிரைவ்லதான். ஆபீஸ்கள்ல இருக்கிறது எதுவோ அதுதான லிஸ்ட்ல வரணும்? ஒரிஜினலைப் போட்டுப் பாத்தேன் அண்ணாச்சி, ஒரு ஃபைல் எவன் மெஷினோடயும் ஒத்தே போகல. அதனாலதான் பென்டிரைவ்ல உள்ளதைப் போட்டேன். ஏன் ஒத்துப் போகலன்னு அப்பவே யோசிக்கலையான்னா... யோசிக்கல. ஒத்துப் போற மாதிரி லிஸ்ட் போடுறதுதான் அன்னைக்கு என் வேலை. நீங்க பாதைக் கேஸுக்கு அலையுறதுக்குப் பதிலா வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்.

சரி. இந்தம்மா மெஷினை எடுக்க நான்தான் போனேன். துணி போட்டு மூடி, தூசி தும்பு இல்லாம வச்சிருந்தாங்க. பதினாறு வருஷத்துல நான் தொட்டதும் கை கழுவாத மெஷின் அது ஒண்ணுதான். ஒயரைக் கழட்டுறப்போ பக்கத்துல வந்து நின்னாங்க. ‘சார், நல்லாப் பாத்துச் சொல்லுங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதை நான் ஏத்துக்கிறேன்’னாங்க. குற்றவாளிக நெறைய பேரு இப்படி நடிப்பாங்க, அதனால நான் கண்டுக்கல.

மூணு லட்சத்திப் பன்னெண்டாயிரம் ஃபைலு. வெளிநாட்டு லிஸ்ட்ல ஒதுங்கினது போக, வெயில் லிஸ்ட்ல ஒதுங்கினது போக, நாலாயிரத்துச் சொச்சம் நின்னுச்சு. அத்தனையையும் நேர்மையா உக்காந்து பாத்தேன். எழுதிக் குடுத்தேன்: ‘இந்தக் கணினியில் தானாகவே கோப்புகளை வெளியே அனுப்பக்கூடிய மென்பொருள் எதுவும் காணப்படவில்லை.’ அவ்வளவுதான் எழுதினேன். இந்தம்மாதான் அனுப்பினாங்கன்னு நான் எங்கயாவது எழுதினேனா? இல்ல. படிக்கிறவன் அப்படிப் புரிஞ்சுக்கிட்டா அதுக்கு நான் என்ன செய்ய?

அடுத்து நடந்ததுதான் அசிங்கம். விசாரணைக் கமிட்டியில என் ரிப்போர்ட்டைப் படிச்சுக் காட்டியிருக்காங்க. இந்தம்மா அழல, சண்டை போடல. ஒரு பேப்பரை வாங்கி எழுதிக் குடுத்திருக்காங்க. ‘நிபுணர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். என் கை தெரியாமல் எதையோ அமுக்கியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்ளவும்.’ காலேஜுக்காரன் அதைக் குற்றத்தை ஒப்புக்கிட்டதாவே எடுத்துக்கிட்டான். யாராவது அப்படி எழுதிக் குடுப்பாங்களா அண்ணாச்சி? படிச்ச பொம்பளை! செய்யாத தப்புக்கு ஒருத்தி மன்னிப்பு எழுதிக் குடுத்தா...

ஆமா. செய்யாத தப்புதான். அதைத்தான் சொல்ல வாரேன், இருங்க.

எங்க லேப்ல நிலோபர்னு ஒருத்தி. மேலப்பாளையத்துக்காரி, முப்பத்தஞ்சு வயசு இருக்கும், எட்டு வருஷமா என் எதிர் சீட்டு. நல்ல வேலைக்காரிதான், ஆனா மூக்கை எங்கயும் நுழைப்பா. இந்த வருஷம் ஜனவரியில ஒரு ஸ்கூல்லேர்ந்து இதே மாதிரி ஒரு மெஷின் வந்துச்சு. அங்கயும் எவனும் அனுப்பாமலே ஃபைல் வெளிய போயிருக்கு. அவ என்கிட்ட வந்து, ‘சார், நம்ம லிஸ்ட்ல தமிழ் டைப்பிங் ஃபைலெல்லாம் எங்கேர்ந்து எடுத்தீங்க?’ன்னா. ‘ஊரெல்லாம் இருக்கிறதைத்தான் எடுத்தேன்’னேன். சீட்டுக்குப் போயிட்டா. போய் என்ன செஞ்சா தெரியுமா? அந்த சாஃப்ட்வேரைச் செஞ்ச கம்பெனிக்கே எழுதி ஒரிஜினலை வரவழைச்சுட்டா. மொத்தம் இருநூத்திப் பன்னெண்டு ஃபைலு. இருநூத்திப் பதினொண்ணு எங்க லிஸ்ட்டோட ஒத்துப் போச்சு. ஒண்ணு ஒத்துப் போகல.

அந்த ஒண்ணைத் தெறந்து பாத்தா, ஒரிஜினல் ஃபைலோட முதுகுல எவனோ ஒருத்தன் ஒரு சமாச்சாரத்தை ஒட்ட வச்சிருக்கான். நீங்க டைப் அடிச்சு வைக்கிறதையெல்லாம் காப்பி எடுத்து நைஸா வெளிய அனுப்புறது. அங்க ஒருத்தன் அதைப் பிரிச்சுப் பாத்து விக்கிறதுக்குன்னே உக்காந்திருக்கான். இந்தம்மா மெஷின்லயும் அதுதான் கேள்வித்தாளை அனுப்பியிருக்கு. நான் அதைத் தெறந்தே பாக்கல. ஏன்? அது கைரேகை வெயில் லிஸ்ட்ல இருக்கு. தெரிஞ்ச ஃபைலுன்னு நானே ஒதுக்கிட்டேன்.

‘தெரிஞ்ச மூஞ்சின்னா நல்லவன்னு அர்த்தமா சார்?’னு கேட்டா நிலோபர். எல்லார் முன்னாடியும். பெரியவங்க சின்னவங்கங்கிற மரியாதை கிடையாது.

இதைவிட அசிங்கம் ஒண்ணு இருக்கு. என் சொந்த மெஷின்லயும் அதே பென்டிரைவ்லேர்ந்து போட்டதுதான். ஆறு வருஷம் அண்ணாச்சி. என் பொண்ணு ஜாதகம், என் வீட்டுக்காரி ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பத்தி டாக்டருக்கு எழுதினது, தம்பிக்கு எழுதி அனுப்ப மனசு வராம வச்சிருந்த லெட்டரு. அத்தனையும் எவனோ ஒரு நாதாரி கால் மேல கால் போட்டுப் படிச்சிருக்கான். அன்னைக்கு நான் ரெண்டு தடவை குளிச்சேன். அப்படியும் உடம்புல என்னவோ ஊருற மாதிரியே இருந்துச்சு.

தப்பு நடந்துபோச்சு, சத்தமில்லாமச் சரி பண்ணலாம்னுதான் நான் பாத்தேன். லிஸ்ட்லேர்ந்து அந்த ஃபைலோட கைரேகை வரியை மட்டும் எடுத்துட்டேன். ஒரே ஒரு வரி. அப்படி எடுத்துட்டா, இந்த ஃபைலு நாங்க பாத்ததுக்கு அப்புறம் மெஷின்ல வந்திருக்கும்னு சொல்லிரலாம்ல? ஆனா பாருங்க, எங்க ரிப்போர்ட்ல கடைசிப் பக்கம்னு ஒண்ணு உண்டு. எந்த லிஸ்ட்டை வச்சுப் பாத்தோமோ அந்த லிஸ்ட்டுக்கே ஒரு கைரேகை எடுத்து அங்க அடிச்சு, பக்கத்துல கையெழுத்தும் போடணும். நாளைக்கு எவனாவது லிஸ்ட்டுல கை வச்சா மாட்டிக்கணும்னு அந்த வழக்கத்தைக் கொண்டு வந்தது யாரு? நான்தான். ஒரு வரி எடுத்ததும் கைரேகை தலைகீழா மாறிப்போச்சு. என் கையெழுத்துக்குப் பக்கத்துல பழைய கைரேகை என்னைப் பாத்து இளிக்குது. திரும்ப அந்த வரியை வச்சேன். ஒத்துப் போச்சு. அப்படியே மூடி வச்சுட்டேன்.

நிலோபர் முதலாளிகிட்டப் போனா. முதலாளி நவநீதன், பெரிய மனுஷன் மாதிரி சந்தனம் வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. வெயில் லிஸ்ட்டை வச்சு இதுவரைக்கும் நாப்பத்தி மூணு ரிப்போர்ட் குடுத்திருக்கோம். ஒண்ணு தப்புன்னா நாப்பத்தி மூணு பேரும் வாசல்ல வந்து நிப்பாங்க. ‘யாரும் வாயைத் தெறக்கக் கூடாது’ன்னுட்டாரு. அவ வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு, நேராப் போய் இந்தம்மா வக்கீல்கிட்டச் சொல்லிட்டா. எட்டு வருஷம் ஒண்ணா உக்காந்து சோறு தின்னவ! காட்டிக் குடுக்கிற புத்தி எங்கேர்ந்துதான் வருமோ.

இன்னைக்கு அந்த வக்கீல் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கப் போறாரு. லிஸ்ட் இருக்கிற டிஸ்க்கைக் குடுங்கன்னு. அதைக் குடுத்தா அந்த வரி இருக்கும், இந்தம்மா பேரு மீளும், வேலையும் திரும்பக் கெடைக்கும். எனக்குத் தொழில் போகும், மானம் போகும். முதலாளி நேத்து சொல்லித்தான் அனுப்பினாரு. ‘டிஸ்க் பழுதாயிருச்சுன்னு சொல்லிருங்க வெயிலு. டிஸ்க்னா பழுதாகத்தான செய்யும்?’ சத்தியம் பண்ணி நிக்கிற எடத்துல பொய் சொல்லச் சொல்றான், சந்தனம் வேற! எனக்கு அப்படியே அருவருப்பாப் போச்சு. நான் வரியை எடுத்தது வேற, அது பதட்டத்துல செஞ்சது. இது திட்டம் போட்டு.

இருந்தாலும் பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டு இருக்கோம் அண்ணாச்சி. என்னால வேற என்ன செய்ய முடியும், சொல்லுங்க?

டிஸ்க்கு நல்லாத்தான் இருக்கு. இந்தப் பைக்குள்ள இருக்கு. ஆபீஸ்ல வச்சா முதலாளி ஒடைச்சுப் போட்டுருவாரு. எட்டு மாச உழைப்பு, ஒடைக்க விடுவேனா? ஆனா பழுதுன்னு சத்தியம் பண்ணும்போது அது என் தோள்ல தொங்கக் கூடாதுல்ல. அதான் உங்ககிட்ட ஒரு உதவி. நான் உள்ள போயிட்டு வர்ற வரைக்கும் பை உங்க காலுக்கு அடியில இருக்கட்டும். அரை மணி நேரம். ஆங், அப்படித் தள்ளி வச்சுக்கோங்க.

ஐயோ, இங்க வர்றாங்க. நீங்க பாட்டுக்கு உங்க பேப்பரைப் படிக்கிற மாதிரி இருங்க.

வாங்கம்மா. ம், நல்லாருக்கேன். சாப்பிட்டேன், சாப்பிட்டேன். எதுக்கும்மா? இதுக்குப் போயா? அதெல்லாம் ஒண்ணுமில்ல. கையெடுக்காதீங்கம்மா. கையை எறக்குங்க, எல்லாரும் பாக்குறாங்க. சரிம்மா. சரி. நீங்க போய் உக்காருங்க.

காதுல விழுந்துச்சா உங்களுக்கு? ‘என்னால உங்களுக்கு வீண் அலைச்சல் சார், மதுரையிலேர்ந்து இவ்வளவு தூரம் வர வச்சுட்டேன், மன்னிச்சிருங்க’ங்குது. ‘எங்க வக்கீல் உங்களை ஏதாவது ஏடாகூடமாக் கேட்டா மனசுல வச்சுக்காதீங்க. சார் பாத்துச் சொன்னது தப்பா இருக்காதுன்னு நான் அவர்கிட்டச் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்’ங்குது. கும்புடுது அண்ணாச்சி. என்னைப் பாத்து.

த்தூ. என்ன பொம்பளை இது! செருப்பைக் கழட்டி நாலு போட்டிருந்தா வாங்கிக்கிட்டு, உள்ள போய் நிம்மதியாப் பொய்யைச் சொல்லிட்டு வந்திருப்பேன். இப்ப வாயெல்லாம் கசக்குது. தண்ணி வச்சிருக்கீங்களா? வேண்டாம், இருக்கட்டும், இது தண்ணிக்குப் போகாது.

இருய்யா, காது கேக்குது! மூணு தடவை கத்தணும்னு சட்டமா, ஒரு தடவை கூப்பிட்டா வர மாட்டேனா? நான்தான் வெயிலுமுத்து. இந்தா, வாரேன்.

அந்த நிலோபர் வேணா நல்லாச் சிரிக்கட்டும். முதலாளி நாளைக்கே என் சீட்டுல வேற ஆளை உக்கார வைக்கட்டும். நாப்பத்தி மூணு பேரும் வரிசையா வந்து என் மூஞ்சியில துப்பட்டும், தொடச்சுக்கிறேன். அந்தம்மா கும்பிட்டதை வாங்கி வச்சுக்கிட்டு என்னால ஊர் போய்ச் சேர முடியாது.

அண்ணாச்சி, காலை எடுங்க. அந்தப் பை எனக்கு வேணும்.